கோடை வாசிப்பு: புத்தகத்தை ஜூனிலேயே முடித்துவிடாதீர்கள்

(அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் தமிழ்ப் பெற்றோர் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

பள்ளி மூடுகிற வாரத்தில் பிள்ளையின் பையிலிருந்து கசங்கிய தாள் ஒன்று வெளியே வரும். இல்லாவிட்டால் கூகுள் கிளாஸ்ரூமில் யாரும் திறந்து பார்க்காத கடைசி இணைப்பாகக் கிடக்கும். 'சம்மர் ரீடிங்' என்று தலைப்பு. கீழே ஒன்றிரண்டு நாவல்களின் பெயர், ஒரு தேதி, சில கட்டளைகள். நம்மில் பலர் இந்தியாவில் படித்தவர்கள். முழுப் பரீட்சை முடிந்தால் புத்தகத்தைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டுத் தாத்தா வீட்டுக்குப் போனவர்கள். அடுத்த வகுப்பின் பாடத்தை, அந்த ஆசிரியர் முகத்தையே பார்க்காமல், தானாகப் படித்துவிட்டு வா, வந்த முதல் வாரமே மதிப்பெண் என்றால் நமக்கு வியப்பாகத்தான் இருக்கும்.

கோடையில் வேலை கொடுக்கப் பள்ளிக்கு அதிகாரம் உண்டா என்று வழக்கே நடந்திருக்கிறது. விஸ்கான்சினில் 2005இல் ஒரு மாணவரும் அவர் தந்தையும் கணக்குப் பாடத்தின் கோடை வேலையை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். வழக்கு தள்ளுபடியானது; 2006இல் மேல்முறையீட்டிலும் அதே முடிவுதான். ஆகவே 'கொடுக்கலாமா' என்ற விவாதத்தில் நேரம் போக்காமல், கொடுத்ததை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஊர் நூலகமும் கோடையில் வாசிப்புத் திட்டம் நடத்துகிறது. இத்தனை மணி நேரம் படித்தால் ஒரு பரிசு, இத்தனை புத்தகத்துக்கு ஒரு ஐஸ்கிரீம் கூப்பன் என்று. அது விருப்பப்பட்டவர்களுக்கு. பள்ளி கொடுப்பது வேறு: அதற்கு மதிப்பெண் உண்டு, பல பள்ளிகளில் முதல் காலாண்டின் முதல் மதிப்பெண்ணே அதுதான். நூலகத்தில் பதிந்துவிட்டோம், வேலை முடிந்தது என்று நினைத்திருக்கும் வீடுகள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு.

இப்போது அந்தத் தாளுக்கு வருவோம். பிள்ளை படிக்கட்டும் என்று விட்டுவிடாமல், பெற்றோர் ஒருமுறை முழுதாகப் படியுங்கள். எந்த வகுப்புக்கான தாள் என்று முதலில் பாருங்கள். சாதாரண ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு புத்தகம் இருக்கும், ஹானர்ஸ் என்ற கடினமான பிரிவுக்கு இரண்டு இருக்கலாம், ஏ.பி. என்ற கல்லூரி நிலை ஆங்கிலத்துக்கு இரண்டு மூன்றோடு எழுத்து வேலையும் சேரும். மே மாதத்தில் ஹானர்ஸுக்கு மாறிய பிள்ளை பழைய தாளை வைத்துக்கொண்டு படிப்பது வழக்கமான விபத்து. அடுத்து, எதை ஒப்படைக்க வேண்டும், எங்கே, எந்தத் தேதிக்குள். சில பள்ளிகள் முதல் நாள் கையில் கேட்கும். சில பள்ளிகள் ஜூலை நடுவிலேயே ஒரு பகுதியை இணையத்தில் ஏற்றச் சொல்லும். அப்புறம் பதிப்பு.

பதிப்பு விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 'எந்தப் பதிப்பாக இருந்தால் என்ன, கதை ஒன்றுதானே' என்பார்கள். 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 1818இல் வந்தது ஒரு வடிவம். 1831இல் நாவலை எழுதியவரே திருத்தி வெளியிட்டது இன்னொன்று. முதலாவதில் எலிசபெத் கதாநாயகனுக்கு அத்தை மகள். இரண்டாவதில் எங்கிருந்தோ எடுத்து வளர்த்த பெண். முதல் வடிவம் மூன்று தொகுதிகள், ஒவ்வொன்றிலும் அத்தியாய எண் மறுபடி ஒன்றில் தொடங்கும். இரண்டாவதில் 24 அத்தியாயங்கள் நேராக ஓடும். ஆசிரியர் 'பத்தாம் அத்தியாயம்' என்று கேள்வி கேட்க, 1818 பதிப்பை வைத்திருக்கும் பிள்ளை அப்படி ஒரு அத்தியாயமே இல்லையே என்று முழிக்கும். 'ஒடிஸி' என்ற கிரேக்கக் காவியம் என்றால் இன்னும் சிக்கல்: ஃபிட்ஸ்ஜெரால்ட், ஃபேகிள்ஸ், வில்சன் என்று மொழிபெயர்ப்பு ஒவ்வொன்றும் ஒரு நடை, வரி எண்களும் ஒன்றுக்கொன்று பொருந்தா. தாளில் ஐ.எஸ்.பி.என். எண் (பதிப்பை அடையாளம் காட்டும் எண்) கொடுத்திருந்தால் அதையே வாங்குங்கள். கொடுக்கவில்லை என்றால் மொழிபெயர்ப்பாளர் பெயரையாவது பாருங்கள்.

இந்தியப் பயணம் போகிறவர்களுக்கு இதிலேயே ஒரு எச்சரிக்கை. சென்னையில் இந்தப் பழைய நாவல்களெல்லாம் மலிவாகக் கிடைக்கும், உண்மைதான். அட்டையைப் பார்த்து வாங்கி வந்தால் சில நேரம் அது மாணவர்களுக்கான சுருக்கப் பதிப்பாக இருக்கும். பக்கங்களும் பொருந்தாது. இங்கேயே வாங்கிப் பெட்டியில் வையுங்கள். பயன்படுத்திய பிரதி சில டாலர்தான். நூலகப் பிரதி என்றால் அதில் எழுத முடியாது, ஒட்டுத்தாள்தான் கதி. நூலகத்தின் மின்னூல்களைத் தரும் லிபி செயலியில் இரவல் வாங்கினால் தவணை முடிந்ததும் புத்தகம் தானாகப் போய்விடும், பட்டியலில் உள்ள புத்தகத்துக்கு ஆகஸ்டில் நீண்ட வரிசையும் இருக்கும். ஏனென்றால் அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் அதே மூன்றாவது வாரத்தில்தான் விழித்துக்கொள்கிறார்கள்.

சரி, புத்தகம் ஜூனிலேயே கையில் வந்துவிட்டது. உடனே படித்து முடித்துவிட வேண்டுமா? கூடாது என்பதுதான் இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நம் வீடுகளில் பொறுப்பான பிள்ளைகள் விழும் பள்ளம் இது. விடுமுறை தொடங்கிய முதல் பத்து நாளில் இரண்டு நாவலையும் விழுங்கிவிட்டு, 'முடிச்சிட்டேன்மா' என்று மூடி வைத்துவிடுகிறார்கள். அதன் பிறகு பத்து வாரம் நீச்சல், இந்தியா, உறவினர் திருமணம். செப்டம்பர் முதல் வாரம் தேர்வுத் தாளைப் பார்த்தால் கதாபாத்திரங்களின் பெயர்கூட நினைவுக்கு வருவதில்லை. படிக்காமல் வந்தவனுக்கும் இவனுக்கும் மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் இருக்காது. படிக்காதவன் தப்பித்தோம் என்று நினைப்பான். இவன் 'எனக்கு இங்கிலீஷ் வராது' என்று முடிவு கட்டிவிடுவான். அந்த முடிவு மதிப்பெண்ணைவிட நாள்பட நிற்கும்.

பள்ளி திறக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். நியூஜெர்சி பக்கம், செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் லேபர் டேவுக்குப் பிறகு திறக்கும். டெக்சாஸில் ஆகஸ்ட் நடுவிலேயே, ஜார்ஜியாவின் பல மாவட்டங்களில் ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே. அதனால் மாதப் பெயரை நம்பாமல் வாரக் கணக்கில் போடுங்கள். ஒரே புத்தகம் என்றால் திறப்பதற்கு நான்கு வாரம் முன்பு தொடங்கி இரண்டு வாரம் முன்பு முடிப்பது. இரண்டு என்றால் கடினமானதை ஏழு எட்டு வாரம் முன்பு, எளிதானதைக் கடைசியில். கடைசி வாரம் புதிதாக எதையும் படிக்கக் கூடாது. குறிப்புகளைத் திருப்பிப் பார்க்க மட்டும்.

எவ்வளவு நேரம் பிடிக்கும்? 'தி கிரேட் கேட்ஸ்பி' 1925இல் வந்தது, ஒன்பது அத்தியாயம், வழக்கமான பதிப்பில் 180 பக்கம் சுற்றி. வெறும் கண்ணால் ஓட்டினால் நான்கைந்து மணி நேரம். குறிப்பு எடுத்துக்கொண்டு படிக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு மணிக்கு 20, 25 பக்கம் நகர்ந்தால் நல்ல வேகம். ஆக ஏழு முதல் ஒன்பது மணி. நாளுக்கு ஓர் அத்தியாயம், ஒன்பது நாள், நடுவில் இரண்டு நாள் ஓய்வு. இந்தக் கணக்கு கேட்ஸ்பிக்கு அழகாக வரும். 'ஃபாரன்ஹீட் 451'க்கு வராது. அது அத்தியாயங்களே இல்லாமல் மூன்று பெரும் பகுதிகளாக இருக்கிறது, பக்கக் கணக்கில்தான் பிரிக்க வேண்டும். '1984' ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம், போதாததற்கு இரண்டாம் பாகத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் புத்தகத்துக்குள் ஒரு புத்தகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். பக்கம் பக்கமாக அரசியல் கட்டுரை. பிள்ளைகள் அங்கேதான் கீழே வைக்கிறார்கள். அந்த அத்தியாயத்துக்கு மட்டும் இரண்டு மூன்று நாள் ஒதுக்குங்கள், அதைத் தாண்டிவிட்டால் கதை வேகம் பிடிக்கும். கடைசியில் ஒரு பின்னிணைப்பு இருக்கிறது, புதிய மொழியைப் பற்றியது. எல்லோரும் தள்ளிவிடுவது அதைத்தான், ஆசிரியர்கள் விரும்பிக் கேள்வி கேட்பதும் அதிலிருந்துதான். ஃபிராங்கன்ஸ்டைனின் தொடக்கத்தில் வரும் நான்கு கடிதங்களும் அப்படியே. அதைத் தாண்டிக் குதித்த பிள்ளைக்குக் கடைசியில் கப்பல் எங்கிருந்து வந்தது என்று புரியாது.

இனிக் குறிப்பு எடுப்பது. ஆசிரியர்கள் அதிகமாகக் கேட்பது இரட்டைப் பத்திக் குறிப்பேடு. பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப் பக்கம் நாவலிலிருந்து ஒரு வரி, பக்க எண்ணோடு. வலப் பக்கம் அதைப் பற்றி மாணவரின் எண்ணம். ஒரு நூலுக்கு 15, 20 குறிப்புகள் கேட்பார்கள். கேட்பதற்கு எளிது. பெரும்பாலும் எப்படி வந்து சேர்கிறது என்றால், முதல் மூன்று அத்தியாயத்தில் பதினான்கு குறிப்பு, மிச்ச நாவல் முழுவதற்கும் இரண்டு. திருத்துகிறவருக்கு அதைப் பார்த்தாலே எந்தப் பக்கத்தில் புத்தகம் மூடப்பட்டது என்று தெரிந்துவிடும்.

நல்ல குறிப்பு எப்படி இருக்கும் என்று ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். அந்தக் கேட்ஸ்பி நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில், கதாநாயகன் கேட்ஸ்பியின் வீட்டில் ஒரு பெரிய விருந்து. குடித்திருக்கும் ஒரு மனிதர், பெரிய கண்ணாடி போட்டவர், நூலக அறையில் உட்கார்ந்துகொண்டு அலமாரியில் இருக்கும் புத்தகங்கள் நிஜமானவை என்று வியந்துகொண்டிருக்கிறார். வெறும் அட்டையாக இருக்கும் என்று நினைத்திருந்தாராம். ஆனால் அந்தப் புத்தகங்களின் தாள்கள் வெட்டப்படவே இல்லை. அந்தக் காலப் புத்தகங்கள் சிலவற்றில் தாள் மடிப்போடு ஒட்டியிருக்கும், வாங்கியவர் கத்தியால் வெட்டித்தான் படிக்க வேண்டும். மோசமான குறிப்பு இப்படி இருக்கும்: 'கேட்ஸ்பி பெரிய பணக்காரன் என்று இது காட்டுகிறது.' தப்பில்லை, ஆனால் இதை எழுத நாவலைத் திறக்கவே வேண்டாம். இன்னொரு பிள்ளை எழுதுகிறாள்: 'புத்தகம் நிஜம், ஆனால் படிக்கப்படவில்லை. நடிப்புக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் செலவு செய்திருக்கிறான். இதை ஏன் ஒரு குடிகாரர் மட்டும் கண்டுபிடிக்கிறார்? மற்ற விருந்தாளிகள் பார்க்கவே இல்லையா?' மூன்றே வரி. ஒரு கவனிப்பு, ஒரு ஊகம், ஒரு கேள்வி. அந்தக் கேள்வியோடு படித்துப் போகிறவளுக்கு ஒன்பதாம் அத்தியாயத்தில் கேட்ஸ்பியின் சவ அடக்கத்துக்கு விருந்தாளிகளில் யார் வந்து நிற்கிறார் என்பது சட்டென்று கண்ணில் படும்: அதே கண்ணாடிக்காரர். மூன்றாம் அத்தியாயக் குறிப்புக்குப் பக்கத்தில் '9ஆம் அத்தியாயம் பார்' என்று ஓர் அம்புக்குறி போட்டால், செப்டம்பரில் எழுதப்போகும் கட்டுரையின் நடுப்பத்தி அங்கேயே தயார்.

வரியை மஞ்சள் நிறத்தில் அடித்து வைப்பது குறிப்பு ஆகாது. பக்கம் முழுக்க மஞ்சள் அடித்தவருக்கு எது ஏன் முக்கியம் என்று இரண்டு மாதம் கழித்து நினைவிருக்காது. பென்சிலால் ஓரத்தில் நான்கு சொல், அவ்வளவு போதும். அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, பார்க்காமல் மூன்று வரி எழுத வேண்டும்: என்ன நடந்தது, யார் மாறினார், எனக்கு எது புரியவில்லை. ஐந்து நிமிட வேலை. பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். ஆனாலும் எதை விட்டாலும் இதை விட விடாதீர்கள்.

சுருக்கத் தளங்களைப் பற்றிக் கேட்பீர்கள். ஸ்பார்க்நோட்ஸ், லிட்சார்ட்ஸ், இப்போது சாட்ஜிபிடி. அத்தியாயத்தைப் படித்துவிட்டு, குழப்பம் தீர்க்க அவற்றைப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஷேக்ஸ்பியர் என்றால் முன்கூட்டியே கதைச் சுருக்கம் பார்ப்பதுகூட நல்லது. படிப்பதற்குப் பதிலாகப் பார்த்தால் மாட்டிக்கொள்வார்கள், ஏனென்றால் கேள்வி போடுகிற ஆசிரியர் அந்தத் தளங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, அவற்றில் இல்லாததாகப் பார்த்துத்தான் போடுகிறார். சாட்ஜிபிடி வந்த பிறகு வீட்டிலிருந்து எழுதி வரும் கட்டுரையைப் பல ஆசிரியர்கள் நம்புவதில்லை. வகுப்பில், கையால், 40 நிமிடத்தில் எழுது என்கிறார்கள். திரைப்படம் இன்னும் மோசமான கண்ணி. 2013இல் வந்த கேட்ஸ்பி படத்தில் கதைசொல்லி நிக் ஒரு மனநல விடுதியில் இருந்துகொண்டு கதையை எழுதுகிறான். நாவலில் அப்படி ஒரு விடுதியே கிடையாது. கட்டுரையில் அந்த விடுதி வந்தால், திருத்துகிறவர் அதற்குமேல் படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஒலிப்புத்தகம்? தாராளமாக. கையில் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு கேட்டால் மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்குப் பெரிய உதவி. டிஸ்லெக்சியா (எழுத்தைப் படிப்பதில் சிரமம்) உள்ள பிள்ளைகளுக்கு மின்னூல் தரும் புக்ஷேர் என்ற சேவை உண்டு, தகுதியுள்ள மாணவர்களுக்கு இலவசம்; பள்ளியிடம் கேளுங்கள். கார் ஓட்டும்போது எல்லோருமாகக் கேட்பதும் நல்லதே, பக்க எண்ணோடு குறிப்பு மட்டும் வராது.

பட்டியலில் தேர்வு செய்ய இடம் இருந்தால் என்ன செய்வது? பத்துப் பெயர் கொடுத்து இரண்டைப் படி என்பார்கள். நம் பெற்றோர் அதில் இரண்டு வகை. கனமானதை எடு, டீச்சருக்குப் பிடிக்கும் என்பவர்கள். இந்தியப் பெயர் உள்ள எழுத்தாளரைத் தேடிப் பிடித்து, இதைப் படி, உனக்குப் புரியும் என்பவர்கள். இரண்டையும் விடுங்கள். தேர்வு பிள்ளையுடையதாக இருக்க வேண்டும். ஃபுளோரிடாவில் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. வசதி குறைந்த தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று கோடைகள், கோடைக்கு 12 புத்தகம், அவர்களே தேர்ந்தெடுத்தவை, இலவசமாகக் கொடுத்தார்கள். கிடைக்காத பிள்ளைகளைவிட இவர்கள் வாசிப்பில் முன்னேறினார்கள்; மிக ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் பலன் இன்னும் அதிகம். சின்னப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு அது, உயர்நிலைப் பள்ளிக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் நான்கு ஆண்டும் ஒரு வரி விருப்பம் கேட்காமல் பட்டியல் திணிக்கும் பள்ளி நிர்வாகங்கள் அதைப் படித்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். வீட்டளவில் செய்யக்கூடியது: மூன்று புத்தகத்தின் முதல் பத்துப் பக்கத்தை நூலகத்திலேயே உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள். எதில் பதினோராவது பக்கத்தைத் தானாகத் திருப்புகிறானோ அது.

பெற்றோர் நாவலை முழுக்கப் படிக்க வேண்டியதில்லை. சாப்பிடும்போது 'இன்னிக்கு என்ன ஆச்சு, சொல்லு' என்று தமிழில் கேளுங்கள், தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள். தளத்தில் பார்த்த ஆங்கில வாக்கியத்தைத் தமிழில் அப்படியே ஒப்பிக்க முடியாது. புரிந்திருந்தால்தான் சொல்ல வரும். தட்டுத் தடுமாறிச் சொன்னாலும் பரவாயில்லை, திருத்தாதீர்கள்.

ஏ.பி. லிட்ரேச்சர், அதாவது இலக்கியப் பாடம், எடுக்கும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. அந்தத் தேர்வு மே மாதம். ஒரு மணி நேரத்தில் 55 கொள்குறி வினா, பிறகு இரண்டு மணி நேரத்தில் மூன்று கட்டுரை. மூன்றாவது கட்டுரைக்குப் படித்து எழுத நூல் பகுதி எதுவும் கொடுக்க மாட்டார்கள். ஒரு கருத்தைக் கொடுத்து, நீ படித்த நாவல் அல்லது நாடகம் ஒன்றை வைத்து வாதாடு என்பார்கள். புத்தகம் பார்க்க முடியாது. கட்டுரைக்கு ஆறு மதிப்பெண், அதில் நான்கு சான்றுக்கும் விளக்கத்துக்கும். ஆக, ஜூலையில் படித்தது பத்து மாதம் கழித்து நினைவில் இருக்க வேண்டும். இதற்கு ஒரு வழி: ஒவ்வொரு நூலுக்கும் ஒரே ஒரு தாள். பெயர்கள் சரியான எழுத்துக்கூட்டலோடு, இடம், காலம், ஐந்து முக்கியக் காட்சிகள், ஐந்தாறு சின்னச் சின்ன மேற்கோள் துண்டுகள், முடிவு, முடிவைப் பற்றித் தன் கருத்து. புத்தகம் முடித்த அன்றே எழுத வேண்டும். மார்ச்சில் எழுத உட்கார்ந்தால் வராது. இப்படி நான்கு தாள் கையில் இருந்தால் எந்தக் கேள்விக்கும் ஒன்றாவது பொருந்தும். ஏ.பி. லேங்குவேஜ் என்ற மொழிப் பாடத்துக்கு இது தேவையில்லை. அங்கே வாதம் எப்படிக் கட்டப்படுகிறது என்பதுதான் விஷயம், கட்டுரை நூல்கள் படிக்கச் சொல்வதும் அதனால்தான்.

கடைசியாக, எவ்வளவு சொன்னாலும் பத்து நாள் இருக்கும்போது 'அப்பா, ஒரு புக் இருக்கு' என்று வந்து நிற்கும் பிள்ளைகள் உண்டு. அப்போது திட்டுவதில் ஒரு நாள் போக்காதீர்கள். இரண்டு புத்தகத்தையும் அரைகுறையாக ஓட்டுவதைவிட, எழுத்து வேலை எதற்கு இருக்கிறதோ அதை முழுதாகப் படிக்கட்டும். பக்கத்தை ஏழால் வகுத்து ஏழு நாள், இரண்டு நாள் குறிப்பேடு, ஒரு நாள் திருப்பிப் பார்க்க. குறிப்புகளை நாவல் முழுவதும் பரவலாக எடுக்க வேண்டும், கடைசி அத்தியாயத்திலிருந்து குறைந்தது இரண்டு. மற்றதை முடிக்க முடியாது என்று தெரிந்தால் பிள்ளையே ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதட்டும், நீங்கள் எழுதாதீர்கள். எந்தப் பக்கம் வரை படித்திருக்கிறேன், எந்தத் தேதிக்குள் முடிப்பேன் என்ற இரண்டு தகவல் போதும். பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்ற கதை வேண்டாம். கோடையில் ஆசிரியர்கள் பணியில் இல்லை என்பதால் பதில் தாமதமாகலாம். தாளில் துறைத் தலைவரின் முகவரி இருந்தால் அவருக்கும் ஒரு நகல் அனுப்பலாம்.

வேறு மாநிலத்திலிருந்தோ இந்தியாவிலிருந்தோ ஆகஸ்டில் வந்து சேரும் பிள்ளைகளுக்கு இந்தத் தாளே கிடைத்திருக்காது. சேர்க்கைக்குப் போகும் அன்றே பள்ளியின் ஆலோசகரான கவுன்சிலரிடம் கேளுங்கள்: இந்த வகுப்புக்குக் கோடை வாசிப்பு உண்டா, புதிதாக வருபவருக்கு எத்தனை நாள் தருவீர்கள் என்று. வாய்மொழியாகச் சொன்னதை அன்று மாலையே மின்னஞ்சலில் எழுதி உறுதி செய்துகொள்ளுங்கள்.